எத்தனை எம்எம்? எத்தனை கிராம்?

ஊசுட்டேரியில் எடுத்த கூழைக்கடா படத்தை நண்பர்களுக்குக் காட்டியதிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "என்ன லென்ஸ் சார்?" கடற்கரைச் சாலையில் காலை நடையின்போது இரண்டு பேர் கேட்டார்கள். பால் பூத்தில் ஒருவர் கேட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் பாயசத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பெயரைச் சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் எழுபதைத் தாண்டிய ஒருவர் டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்குவது, முப்பது வயதுப் பிள்ளை வாங்குவதைப் போன்றதில்லை. கடைக்காரரும் சொல்ல மாட்டார், விளம்பரத்திலும் இருக்காது. அதனால் நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த மிரர்லெஸ் கேமராவை வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படலாம்.

பள்ளியில் எல்லாவற்றையும் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கேமரா லென்ஸுக்குப் பிரெஞ்சில் 'ஒப்ஜெக்தீஃப்' என்று பெயர். நோக்கம், குறிக்கோள் என்பதற்கும் அதே சொல்தான். லென்ஸ் வாங்க நினைத்தபோது இந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது என்று சொல்லலாம். முதலில் நோக்கம் என்ன என்று ஒரு தாளில் எழுதினேன். ஒன்று, ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் குளிர்காலத்துப் பறவைகள். இரண்டு, ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். மூன்று, வில்லியனூர்க் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள். நான்கு, எங்கள் மொட்டை மாடிக்கு வரும் தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும். ஐந்தாவதாக எதுவும் தோன்றவில்லை. ஆப்பிரிக்கா போய்ச் சிங்கம் எடுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

கேமரா ஏற்கெனவே கையில் இருந்தது. கேனன் ஆர்10. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 429 கிராம். அதோடு வந்தது 18-150 லென்ஸ். வீட்டு விசேஷத்துக்கும் ஊர் சுற்றுவதற்கும் அது நன்றாகவே போதும். ஆனால் ஏரிக்கரையில் நின்று 150இல் வைத்துக் கூழைக்கடாவை எடுத்தால், தண்ணீர் நிறைய வரும், வானம் நிறைய வரும், கூழைக்கடா எங்கே என்று படம் பார்ப்பவர்கள் கேட்பார்கள். இளம் வயதில் என்னிடம் இருந்த ஆக்ஃபா கிளிக் பெட்டியிலும் இதே கதைதான். ஒரு சுருளுக்குப் 12 படம். அதில் நாலு படம் ஏரி, ஏரிக்கு நடுவே நாலு புள்ளி. ஜூம் லென்ஸ் என்பதே புகைப்படக் கேமராவுக்கு 1959இல்தான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது என்று பின்னால் படித்தேன். எங்கள் வீட்டு வாசலுக்கு அது வந்துசேர இன்னும் பல காலம் ஆயிற்று.

எம்எம் கணக்கு என்றால் பலரும் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, வீட்டு மனை அளப்பது போன்ற கணக்குதான். ஆர்10 கேமராவின் சென்சார் சுமார் 22 மில்லிமீட்டர் அகலம். அதில் 400 எம்எம் லென்ஸை மாட்டி, 50 மீட்டர் தள்ளி இருக்கும் பறவையைப் பார்த்தால், படத்துக்குள் அடங்கும் அகலம் ஏறக்குறைய ஒன்பது அடி. கூழைக்கடா அலகு முதல் வால் வரை நாலரை அடி இருக்கும். ஆக, படத்தில் பாதியை அது நிறைத்துவிடும். அதே இடத்திலிருந்து 150 எம்எம்மில் பார்த்தால் படத்தின் அகலம் 24 அடி. 800இல் பார்த்தால் நாலரை அடிதான், கூழைக்கடா கொஞ்சம் அசைந்தால் வால் வெளியே போய்விடும்.

இந்தக் கணக்கைப் போட்டபோது ஒன்று தெரிந்தது. 400 எம்எம்முக்கும் 500 எம்எம்முக்கும் என்ன வித்தியாசம்? 50 மீட்டரில் இருந்து 500இல் எடுக்கும் படமும், பத்து மீட்டர் முன்னால் போய் 40 மீட்டரில் இருந்து 400இல் எடுக்கும் படமும் ஒரே அளவுதான். பத்து மீட்டர் நடை! தண்ணீர்மேல் நடக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கரையில் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பறவை கிட்டே வரும் என்பதைத் தெரிந்துகொண்டால், அந்தப் பத்து மீட்டரைப் பல நாள் சம்பாதித்துக்கொள்ளலாம்.

பிறகு, அலுவலகப் பழக்கம் விடாதே, மூன்று கொட்டேஷன் வாங்கிக் கம்பேரட்டிவ் ஸ்டேட்மெண்ட் போட்டேன். அரசாங்கத்தில் நாற்காலி வாங்கினாலும் நான்கு கோடு போட்டு, பெயர், விவரம், விலை, குறிப்பு என்று எழுதித்தான் கோப்பை மேலே அனுப்புவோம். இப்போது அதில் ஐந்தாவதாக ஒரு கோடு சேர்த்தேன். எடை.

முதலாவது ஆர்எஃப் 100-400. எடை 635 கிராம். இரண்டாவது ஆர்எஃப் 100-500, சிவப்பு வளையம் போட்ட உயர்தர வரிசை. டிரைபாட் வளையத்தைக் கழற்றிவிட்டால் 1,365 கிராம். மூன்றாவது ஆர்எஃப் 200-800. அது 2,050 கிராம். கேமராவையும் சேர்த்துக் கூட்டினால் முதலாவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், இரண்டாவது ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல், மூன்றாவது இரண்டரைக் கிலோவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. விலைக் கோட்டில் முதலாவது என் இரண்டு மாத ஓய்வூதியத்துக்குள் அடங்கியது. இரண்டாவது அதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு.

விலை குறைந்ததையே எடுப்பது அரசாங்க வழக்கம். ஆனால் இந்த விஷயத்தில் விலையை வைத்து நான் முடிவு செய்யவில்லை. பிரான்சில் இருக்கும் மகன், "அப்பா, பணத்தப் பாக்காதீங்க, பெருசாவே வாங்கிக்கங்க, நான் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டான். "நீ வாங்கித் தருவப்பா, தூக்கறது நான்தானே?" என்றேன். அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மனத்தில் இருந்தது வேறு ஒரு வீட்டுப் பீரோ.

எங்கள் அலுவலகத்தில் பக்கத்துப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். பெயர் வேண்டாம். என்னைவிட இரண்டு வயது சிறியவர். பறவை பார்க்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியதே அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் மார்கழி, தை மாதங்களில் வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் என் ஸ்கூட்டரில் ஊசுட்டேரிக்குப் போவோம். சில வருடங்களுக்கு முன் அவர் ஆசை ஆசையாக ஒரு பெரிய லென்ஸ் வாங்கினார். இரண்டு கிலோவுக்கு மேல். சேமிப்பிலிருந்து எடுத்த பணம். வீட்டில் கொஞ்சம் வாக்குவாதமும் நடந்தது என்று கேள்வி.

நான்கு தடவை கொண்டுவந்தார். லென்ஸ், கேமரா, டிரைபாட், பை என்று ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவே சிரமப்பட்டார். ஐந்தாம் தடவை கண் சரியில்லை என்றார். அடுத்த வாரம் பேரனுக்குப் பரீட்சை என்றார். அதற்கப்புறம் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் வரவில்லை. நான் தனியாகப் போய்வந்தேன். பறவை அதே பறவைதான். ஆனால் "அதோ பாருங்க சார், பாம்புத்தாரா" என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஏரி ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

பொங்கல் முடிந்து ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பீரோவைத் திறந்து காட்டினார். லென்ஸ் வாங்கிய பெட்டியிலேயே, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, குழந்தையைப் போலப் படுத்திருந்தது. அந்த அம்மா காப்பி போட உள்ளே போன பிறகு குரலைத் தாழ்த்தி, "தூக்க முடியல சார். இவ்ளோ காசு போட்டு வாங்கிட்டு முடியலன்னு சொல்ல எப்படி சார்? லென்ஸ் இல்லாம நான் மட்டும் கெளம்புனா வீட்ல கேப்பாங்க" என்றார்.

லென்ஸ் வீட்டில் தங்கியது. அதோடு மனிதரும் தங்கிவிட்டார். ஒரு வருடக் காலை நேரங்கள் அந்த இரண்டு கிலோவுக்குப் போயிருக்கின்றன. எங்கள் வயதில் ஒரு மார்கழி என்பது சும்மா கழித்துவிடுகிற கணக்கா? அன்றைக்கு வீடு திரும்பும்போதுதான், நான் லென்ஸ் வாங்குவதாக இருந்தால் எடைக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

அதற்கு ஒரு பரீட்சையும் வைத்துக்கொண்டேன். காசு செலவில்லை, நீங்களும் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பினால் ஒரு கிலோ. அதை இடது உள்ளங்கையில் தாங்கி, வலது கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண் உயரத்துக்குத் தூக்குங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் அப்படியே நில்லுங்கள். இறக்கி அரை நிமிடம் ஓய்வு. இப்படிப் பத்துத் தடவை. பறவை படம் எடுப்பது என்றால் இதுதான் வேலை. பறவை பறக்கும் வரை காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது கை கண்ணுக்கு நேராகவே இருக்க வேண்டும்.

எனக்கு இடது தோளில் பழைய பிடிப்பு உண்டு. கை தலைக்குமேல் முழுதாகப் போகாது. ஒரு கிலோ பாட்டிலில் பத்துத் தடவையும் முடித்தேன். ஒன்றே முக்காலில் ஐந்தாவது தடவையே கை நடுங்க ஆரம்பித்தது. இரண்டரைக் கிலோவில் மூன்றாவதோடு நிறுத்திவிட்டேன். "வீட்டுக்குள்ள என்ன கவாத்து?" என்று என் மனைவி கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். "அப்ப இன்னும் எதுக்கு ஸ்டேட்மெண்ட்டு? அதான் கையே சொல்லிடுச்சே" என்றாள். கோப்பை அந்தக் குறிப்போடு முடித்து, 100-400 வாங்கினேன்.

இப்போது விஷயம் தெரிந்தவர்கள் ஒரு ஆட்சேபம் எழுப்புவார்கள். "அது 400 எம்எம்மில் எஃப் 8 ஆயிற்றே, வெளிச்சம் போதுமா?" நியாயமான கேள்வி. லென்ஸின் துவாரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும். எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறியது. எஃப் 5.6 தருகிற வெளிச்சத்தில் பாதிதான் எஃப் 8 தரும். லென்ஸை மெலிசாகவும் லேசாகவும் செய்ய வேண்டும் என்றால் எங்காவது குறைத்தாக வேண்டும், இங்கேதான் குறைத்திருக்கிறார்கள். ஆனால் பெரியதும் 500இல் எஃப் 7.1தான். ஏறக்குறைய கால்பங்கு வெளிச்சம் கூட. அந்த 200-800 தன் கடைசி முனையில் எஃப் 9. ஆகவே எடை ஏறியதால் வெளிச்சம் கொட்டுகிறது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் கண்ணாடிக்குக் கீழே தனியாக ஒரு சிறு கருவி இருந்துதான் ஃபோகஸ் செய்தது. பல கேமராக்களில் எஃப் 5.6க்குமேல் போனால் அது திணறும், நல்ல கேமராவில் எஃப் 8 வரை நடுப்புள்ளி மட்டும் வேலை செய்யும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸும் செய்கிறது. வியூஃபைண்டரும் ஒரு சின்னத் திரை என்பதால் எஃப் 8இல் இருட்டிக்கொண்டு வராது. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஒரு சிறு கட்டம் போட்டுக் காட்டும். இவ்வளவு லேசான டெலிஃபோட்டோ ஜூம்கள் இன்று சாத்தியமானதற்கு இதுவும் ஒரு காரணம். நம்மைப் போன்றவர்களுக்காகவே செய்தது போல இருக்கிறது.

கை நடுக்கத்துக்கு லென்ஸுக்குள்ளேயே மருந்து வைத்திருக்கிறார்கள். ஐஎஸ் என்று ஒரு பொத்தான். ஆர்10 கேமராவின் உடம்பில் அந்த வசதி இல்லை என்பதால் லென்ஸில் இருப்பது மிக முக்கியம். ஆனால் அது நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பறவையின் ஆட்டத்தைச் சரிசெய்யாது. உட்கார்ந்திருக்கும் நாரைக்கு விநாடியில் 500இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். பறக்கும் பறவைக்கு 2,000இல் ஒரு பங்காவது வைக்கிறேன். அப்போது ஐஎஸ்ஓ ஏறும், படத்தில் கொஞ்சம் ரவை தூவினாற்போல் பொரி தெரியும். ஓடிப்போன பறவையைவிடப் பொரிந்த பறவை மேல்.

இந்த லென்ஸால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் எழுவதற்கு முன் மரத்து நிழலில் இருக்கும் ஆந்தைக்கு இது சரிப்படாது. மார்கழியில் ஆறரை மணிக்குத்தான் சூரியன் தலை காட்டும், ஏழு மணி வரை நான் கேமராவைப் பையிலேயே வைத்திருப்பேன். ஏரியின் நடுவில் 200 மீட்டருக்கு அப்பால் மிதக்கும் நாமக்கோழிக் கூட்டம் புள்ளிகளாகத்தான் வரும். ஆனால் அதற்கு 800 எம்எம்மும் முழு மருந்தாகாது. ஒன்பது மணிக்குமேல் வெயில் ஏறினால் தண்ணீர்மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும், அடுப்புக்கு மேலே பார்த்தால் சுவர் அலைவது போல. அந்த நெளிவைத் தாண்டி எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. தூரம் கூடக் கூட அது அதிகம். மழைத் தூறலுக்கும் கடல் உப்புக் காற்றுக்கும் இதில் விசேஷக் காப்பு கிடையாது. ஒரு பிளாஸ்டிக் உறையும் மெல்லிய பருத்தித் துணியும் பையில் வைத்திருக்கிறேன்.

முடிவதைச் சொன்னால், எதிர்பார்த்ததைவிட அதிகம். வெண்மார்பு மீன்கொத்தி முக்கால் முழத்துக்கும் குறைவான பறவை. ஐம்பது மீட்டரில் அது படத்தில் பத்தில் ஒரு பங்குதான். பறவையைத் துரத்தாமல், அது வழக்கமாக வந்து உட்காரும் மின்கம்பியையோ பட்ட மரக்கிளையையோ பார்த்து வைத்துக்கொண்டு, ஐம்பது அடி தள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதுவே வரும். அப்போது படத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறைக்கும். ஒரு கிலோவைத் தூக்கிக்கொண்டு அரை மணி உட்கார என்னால் முடிகிறது. ஜூம் என்பதால் இன்னொரு லாபமும் உண்டு. முதலில் 100இல் வைத்து அகலமாகப் பார்த்துப் பறவையைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு 400க்குத் திருப்பலாம். ஒரே எம்எம் லென்ஸில், அதுவும் கண்புரை அறுவை ஆன கண்ணுக்கு, வானத்தில் பருந்தைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான்.

கிட்டத்துப் பொருளையும் இது நன்றாக எடுக்கிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் வரை ஃபோகஸ் ஆவதால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செம்பருத்தியில் இருக்கும் பட்டாம்பூச்சியின் இறக்கைத் துகள் தெரிய எடுக்கலாம். குனிய வேண்டாம், மண்டி போட வேண்டாம். முழங்கால் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வீராம்பட்டினம் தேரன்று கூட்டத்துக்கு வெளியே, ஒரு வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைத்த தேர் அது, அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்த நெரிசலுக்குள் இந்த வயதில் போக முடியாது. 100க்கும் 200க்கும் இடையில் வைத்து எடுத்ததில், வடத்தை இழுக்கும் கைகள், வியர்த்த முகங்கள், தேருக்கு மேலே நின்று கூட்டத்தைப் பார்க்கும் ஒரு சிறுவன் எல்லாம் வந்தன. தூரத்திலிருந்து டெலிஃபோட்டோவில் எடுக்கும்போது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் நெருங்கி ஒட்டினாற்போல் தெரியும். தேரும் கூட்டமும் ஒன்றாகவே இருப்பது போலத் தோன்றும். வில்லியனூர்க் கோபுரத்தில் மேல் நிலையில் இருக்கும் பொம்மைகளின் முகபாவத்தை எழுபது வயதுக்குமேல்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வேறு கம்பெனி கேமரா வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். எல்லோரிடமும் லேசான ஒன்று இருக்கிறது. சோனியில் 70-350, அது 625 கிராம். ஃபியூஜியில் 70-300, 580 கிராம். நிக்கானின் சிறிய சென்சார் கேமராவுக்கு 50-250, வெறும் 405 கிராம். ஒலிம்பஸ் வைத்திருந்தால் 75-300, 423 கிராம்தான். அந்தக் கேமராவின் சென்சார் இன்னும் சிறியது என்பதால், பெரிய சென்சார் கேமராவில் 600 காட்டும் காட்சியை இது 300இலேயே காட்டிவிடும்.

வாங்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். கடையில் லென்ஸை உங்கள் சொந்தக் கேமராவில் மாட்டி, பத்துத் தடவை கண்ணுக்குத் தூக்கி இறக்குங்கள். கடைக்காரர் பார்க்கிறாரே என்று கூச்சப்படாதீர்கள். முடிந்தால் சென்னையில் வாடகைக்கு வாங்கி இரண்டு நாள் வைத்திருந்து பாருங்கள், எவ்வளவோ பணம் மிச்சமாகும். வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி, உங்கள் கண்ணாடியோடோ கண்ணாடி இல்லாமலோ எழுத்து தெளிவாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மங்கல் என்று குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சக்கரம் இருப்பதே தெரியாது.

வாங்கிய பிறகு இரண்டு காரியம். வெயில் மறைக்கும் ஹூட் இந்த லென்ஸோடு வராது, தனியாக வாங்க வேண்டும், வாங்கிவிடுங்கள். நம் ஊர் கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள், அடிக்கடி வெளியே எடுத்து உபயோகியுங்கள். பூட்டிய பீரோவின் இருட்டு பூஞ்சைக்கு மிகவும் பிடிக்கும்.

பீரோ என்றதும் என் நண்பரை விட்டுவிட்டேனோ என்று நினைப்பீர்கள். லென்ஸ் வாங்கிய வாரமே அவர் வீட்டுக்குப் போய், "லென்ஸ விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க சார், படத்த நான் எடுக்கறேன், நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்தார். காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவே, "போய்ட்டு வாங்களேன், காலையில வீட்ல ஒக்காந்து பேப்பர எத்தன தடவ படிப்பீங்க?" என்றார்கள். இவர் பயந்த கேள்வியை அந்த அம்மா ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. பெரிய லென்ஸை இப்போது அவருடைய பேரன் எடுத்துக்கொண்டு போகிறான். பையனுக்கு இருபத்திரண்டு வயது, இரண்டு கிலோ அவனுக்கு ஒரு பாரமில்லை, படமும் நன்றாக எடுக்கிறான். என் நண்பர் கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஸ்கூட்டரில் ஏறிவிட்டார். எல்லோரும் கேட்கிற அந்தக் கூழைக்கடாவை முதலில் பார்த்துச் சொன்னதும் அவர்தான். "இடது பக்கம், கோரைக்குப் பின்னால, தலைய தூக்குது பாருங்க" என்றார். நான் தூக்கினேன், எடுத்தேன்.

இந்தக் குளிர்காலத்திலும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பத்துக்கண்ணு பக்கத்துக் கரையில் இருப்போம். வருகிறவர்கள் என் லென்ஸை வாங்கி ஒரு நிமிடம் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கலாம். தேர்வு செய்ய அது போதும். வரும்போது ஃபிளாஸ்க்கில் கொஞ்சம் காப்பி கொண்டுவந்தால் நல்லது, எங்களுடையது எட்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது.